முனிக்கல் நின்ற இடம்

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மா,

தாங்கள் யார், எந்த ஊரில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்பதை நான் அறியேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு கற்றதெல்லாம் டவுன் சலூனில் கிடந்த பத்திரிகைகளிலும், கோயிலுக்கு வாங்கிய பூசைப் புத்தகங்களிலும் கற்றதே. ஆகையால் எழுத்தில் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும். சொல்லப்போகும் செய்தியில் குறை இல்லை. இதே செய்தியை முன்னொரு நாள் ஓர் அதிகாரியிடம் பொய்யாகச் சொன்னேன். அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம், நுவரெலியாப் பக்கம், கந்தப்பளையில் இருந்து மேலே ஏறும் பாதையில் உள்ளது. நாங்கள் இருப்பது அதன் கடைசி டிவிசன். லயம் எனும் வரிசை வீடுகள் இரண்டு, பதினெட்டுக் குடும்பங்கள். லயத்துக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு மேலே காடு. அந்தக் காடு நீரூற்றுகளைக் காப்பதற்காக அரசாங்கம் ஒதுக்கி வைத்தது என்றும், அங்கே பிறக்கும் தண்ணீர் பல ஊர்களைத் தாண்டிப் பெரிய ஆற்றில் போய்ச் சேருகிறது என்றும் நான் பிற்காலத்தில் அறிந்துகொண்டேன். எங்களுக்கு அது பீலித் தண்ணீர், அவ்வளவுதான். லயத்தின் பின்புறம் பாறையில் செருகிய குழாய் ஒன்றில் இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கும். அங்கேதான் குளிப்போம், துவைப்போம், குடிக்க எடுப்போம்.

அந்தக் காட்டின் உருவத்தைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். பந்தலில் தொங்கும் சுரைக்காயைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பருத்த பாகம் மேலே, மலை உச்சியைச் சுற்றி. அது பெருங்காடு. கீழே வரவர ஒடுங்கி, ஒரு கழுத்துப் போலாகி, மறுபடியும் சற்று அகன்று எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள பள்ளத்தில் முடிந்தது. அந்தச் சிறிய பாகத்தைக் கீழ்க்காடு என்போம். பீலியின் ஊற்றுக்கண் கீழ்க்காட்டில் இருந்தது. கீழ்க்காட்டின் மேற்குப் பக்கத்தை ஒட்டி, கழுத்து வரைக்கும், ஒரு தேயிலை மலை ஏறிப் போயிற்று.

முப்பது வருடம் நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன், மழைநீர் வடியக் கான் வெட்டினேன். உடம்பு தளர்ந்த பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் கீழ்க்காட்டுக்குள் ஏறி, ஊற்றுக்கண்ணில் கட்டியிருந்த சிறிய தொட்டியில் சேரும் இலைகளையும் சேற்றையும் அள்ள வேண்டும். பிறர் கண்ணில் இது சிறிய வேலை. எனக்கு அப்படி இல்லை. வெளியே வெயில் அடிக்கும் நாளிலும் அந்தக் காட்டுக்குள் நனையாமல் திரும்ப முடியாது. பனிமூட்டம் உள்ளே வந்து மரங்களில் தங்கும். மரத்தின் உடம்பெல்லாம் பாசி. பாசியின் நுனியெல்லாம் சொட்டு. ஆயிரம் இடத்தில் மெதுவாகச் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இராது. மழை பெய்யாத மாசி, பங்குனியிலும் பீலி ஏன் குறையவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் நான் அந்தச் சொட்டுகளைத்தான் காட்டியிருப்பேன்.

இனி கல்லைப் பற்றி. மேற்குப் பக்கத் தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் எல்லையில், கழுத்துக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு கல் நின்றது. உளி படாத கல். அதுவே எங்கள் முனி. முனிக்கு மேலே மம்பட்டி கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் டிவிசனின் கட்டுப்பாடு. விறகுக்குப் போகிறவர்கள் கல்லண்டை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விழுந்து கிடக்கும் கொம்புகளை மட்டும் எடுத்து வருவார்கள். முந்திய பூசாரி காலமான பின், புத்தகம் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

தோட்ட நிர்வாகம் அந்தத் தேயிலை மலையைக் கைவிட்டது. செடிகள் கிழடாகிவிட்டன, ஆள் பற்றாது என்றார்கள். இரண்டு வருடத்தில் மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்தது. எங்கள் ஆட்கள் புல்லை வெட்டி, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி, லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். கொழும்பில் கடையொன்றில் நின்ற என் மகனும் அந்தச் சமயம் மனைவியோடு திரும்பி வந்து ஒரு துண்டைப் பிடித்தான். தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடத்த முடியாது என்பதை நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தேயிலை நின்ற மண் சலித்துப்போன மண். காட்டோரத்து மண்ணோ கறுப்பாக, கையில் எடுத்தால் பிட்டுப் போல உதிரும். எல்லாருடைய கண்ணும் மேலே போயிற்று. மேலே முனி நின்றது.

என் மனைவியின் தம்பிதான் முதலில் வாய் திறந்தார்.

"மச்சான், சாமிய ஒரு முப்பதடி மேல தூக்கி வச்சா என்னங்க? அதுக்கும் நல்லா காத்து வரும்."

"சாமி என்ன கோழிக்கூடா, தூக்கித் தூக்கி வைக்க?"

"நானும் நீங்களும் முடிவு பண்ண வேணாம். சாமிக்கிட்டயே கேட்டுருவோம். வேணாம்னா வேணாம்."

சாமியிடம் கேட்கும் முறை எங்களிடம் உண்டு. ஆட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நிறுத்துவோம். அது உடம்பை உதறினால் சம்மதம். உதறாமல் நின்றால் சம்மதம் இல்லை. எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னாட்டு வெயிலில் சில ஆடுகள் மணிக்கணக்காக அசையாமல் நின்று ஊரையே தவிக்க வைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மலையில், பனி இறங்கும் காலை நேரத்தில், பீலியில் பிடித்த தண்ணீரை ஊற்றினால் எந்த ஆடு சும்மா நிற்கும்? நான் சொம்பைச் சரித்தேன். பாதி ஊற்றுமுன் ஆடு தலையில் இருந்து வால் வரை உதறிவிட்டது.

"பாத்தீங்களா! சொம்பு காலியாகல, உத்தரவு வந்துருச்சி!" என்றார் மைத்துனர்.

லயத்துக் கிழவி ஒருவர் போர்வைக்குள் இருந்து சொன்னார்: "இந்தக் குளுருக்குப் பச்சத்தண்ணிய ஊத்துனா பெரிய தொரையே உதறுவாருடா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நான்கு பேர் கல்லை நெம்பி முறைப்படி மேலே கொண்டுபோய் நட்டோம்.

ஒன்றை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும். எங்களில் ஒருவர்கூடக் கட்டுப்பாட்டை மீறவில்லை. முனிக்கு மேலே எவரும் ஒரு கொத்துக் கொத்தியதில்லை. மீறக் கூடாது என்ற பயத்தினால்தான் கல்லை நகர்த்தினோம்.

இரண்டாம் தடவை நகர்த்தியது நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மாவு இல்லை. உரம் இல்லாததால் பழைய பாத்திகளில் கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கே விழுந்தது. புதுக் காட்டு மண்ணுக்கு உரம் தேவையில்லை. அப்போது எவரும் வேடிக்கை பேசவில்லை. ஆட்டைக் கொண்டுவந்தார்கள், நான் தண்ணீர் ஊற்றினேன், அது உதறிற்று. மூன்றாம் தடவை நகர்த்தியபோது கல் கழுத்தைத் தாண்டிப் பெருங்காட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. கழுத்தின் கிழக்குப் பக்கத்தில் அடுத்த டிவிசன்காரர்களும் தங்கள் பங்குக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரு பக்கத்து மம்பட்டிகளும் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்துக்கு வந்தன. அடுத்த வாரம் நடுவில் மரம் இல்லை. காடு இரண்டாகிவிட்டது.

அன்று அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. கீழ்க்காட்டில் ஒரு மரத்தையும் நாங்கள் தொடவில்லையே என்ற நிம்மதி எனக்கு இருந்தது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் உள்ளே போகிறவன் என்பதால் பிறர் காணாததை நான் காண வேண்டியதாயிற்று. முதலில் காற்று வந்தது. அதுவரை அந்தக் காட்டுக்குள் காற்று நுழைந்து நான் கண்டதில்லை. ஓரத்து மரங்கள் துணையில்லாமல் நின்று, எவரும் வெட்டாமலே ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் வெயில் விழுந்தது. பாசி மஞ்சளாகி, பிறகு தவிட்டு நிறமாகி, விரலால் தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் மானாப்புல் உள்ளே ஏறியது. சொட்டுச் சத்தம் காட்டின் நடுப்பகுதிக்குப் போய், அங்கிருந்தும் குறைந்தது.

கருங்குரங்குக் கூட்டம் ஒன்று கீழ்க்காட்டில் அகப்பட்டுக்கொண்டது. முன்பு கழுத்தின் வழியாக மேலும் கீழும் போய்வந்த கூட்டம். அவை லீக்ஸ் பாத்தியின் ஓரத்துக் கடைசி மரத்தில் வந்து உட்கார்ந்து, எதிரே பெருங்காட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தரையில் இறங்கி ஓடினால் நூறு அடி கூட இல்லை. ஆனால் அந்தச் சாதி தரையில் இறங்க அஞ்சும். பிறகு பசி தாங்காமல் லயத்துக் கூரையில் ஏறி, அவரைப் பந்தலைப் பிய்த்தன. மக்கள் பட்டாசு கொளுத்தினார்கள். ஒன்பது எண்ணினேன், ஐந்து எண்ணினேன், பிறகு எண்ணுவதற்கு இல்லை.

அக்காலத்தில்தான் ஒரு காலை, தொட்டிக்குப் போகும் வழியில் என் காலைக் குனிந்து பார்த்தேன். றப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். நான் நின்ற இடம், என் தகப்பனாரும் நானும் வெறுங்காலோடு மட்டுமே மிதித்த இடம். கல் மேலே போய்விட்டதால் அது இப்போது செருப்போடு நடக்கலாம் என்ற இடமாகியிருந்தது. நான் கழற்றவில்லை. அப்படியே நடந்து போனேன்.

அதற்கு அடுத்த வருடம் காட்டின் எல்லையைப் புதிதாக அளந்து தூண் நடுவதற்கு அதிகாரிகள் வந்தார்கள். கருவி பிடிப்பவர்கள் இருவர், அவர்களுக்கு மேலாக வயதான ஓர் அதிகாரி. பழைய எல்லைக் கற்களை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சில புதைந்திருந்தன. சில பாத்திகளின் சுவரில் கட்டப்பட்டிருந்தன. அதிகாரியின் கையில் மிகப் பழைய வரைபடம் ஒன்றின் பிரதி இருந்தது. அதில் எங்கள் பக்கத்து எல்லைக்கு அடையாளமாகக் 'கோயில் கல்' என்று எழுதியிருந்ததாம். பூசாரி யார் என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

நான் போனபோது பதினெட்டு வீட்டு ஆட்களும் கல்லைச் சுற்றி நின்றார்கள். என் மகன் பயிருக்கு மருந்து அடிக்கும் டாங்கியை முதுகில் இருந்து இறக்காமலே நின்றான். அங்கிருந்து பார்த்தால் கழுத்துக்குக் கீழே கல் ஆதியில் நின்ற இடம் நன்றாகத் தெரிந்தது. ஒரு கரட் பாத்தி. அதற்கும் எனக்கும் இடையில்தான் எல்லாருடைய பயிரும், என் மகனுடையதும்.

அதிகாரி சிங்களவர். மெதுவாக, சொல் சொல்லாக, தமிழில் கேட்டார்.

"ஐயா, இந்தக் கல் எப்பவும் இங்கதானா?"

நான் பேசுமுன் மைத்துனர் முந்திக்கொண்டார். "சாமிக்கென்ன காலா இருக்குங்க சேர், நடந்து போக?"

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் பார்த்தது என்னை மட்டும்.

"ஐயா நீங்கதானே பூசாரி. நீங்க சொன்னா நான் எழுதுவேன்."

"எங்கப்பா காலத்துலயிருந்தே இங்கதானுங்க சேர் இருக்கு."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் தம் சப்பாத்தைக் கழற்றினார். குளிர்ந்த சேற்றில் காலுறையோடு நடந்து கல்லின் முன்னே போய்க் கை குவித்தார். பிறகு திரும்பி வந்து புத்தகத்தில் எழுதினார். கருவிக்காரர்கள் பக்கத்துப் பாறையில் சிவப்பு மையால் குறி போட்டார்கள்.

என் மகனின் பயிர் தப்பியது, அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். தூண் நட்டபோதுதான் புரிந்தது. அவர்கள் கல்லில் இருந்து கிழக்கே, அடுத்த டிவிசனின் அடையாளத்துக்கு நேர்கோடு இழுத்தார்கள். கோடு பெருங்காட்டின் ஓரமாகப் போயிற்று. கீழ்க்காடு முழுவதும், ஊற்றுக்கண்ணோடு, கோட்டுக்கு வெளியே விழுந்தது. பயிர்த் துண்டுகளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யில் ஒரு காடே போகும் என்பது கணக்கு அறியாத என் மூளைக்கு எட்டவில்லை.

பிறகு நடந்தவை எல்லாம் சட்டப்படி நடந்தன. காப்புக்காடு அல்லாத நிலத்தில் காய்ந்து நிற்கும் மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது. லொறி வந்தது. ஏழெட்டு நாட்களில் பள்ளம் வெறுமையாயிற்று. அங்கே வரிசை வரிசையாக டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸ் கன்று நட்டார்கள். அவை வேகமாக வளர்கின்றன. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இன்றும் அது பச்சையாகத்தான் தெரியும். அதன் அடியில் ஈரம் இல்லை, சொட்டுச் சத்தம் இல்லை.

கையளவு பருமனாய் விழுந்த பீலி விரலளவாயிற்று, நூலாயிற்று, இந்த வருட மாசியில் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் குழாயைச் சத்தமின்றிக் கண்டேன். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வாரத்தில் ஒரு நாள் வரும், வராமலும் போகும். கொழுந்தெடுத்து வந்த பெண்கள் கேன்களோடு ரோட்டோரம் நிற்கிறார்கள். ஒரு மாலை என் மருமகள் வெறுங்கேனோடு திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, நீங்கதான பைப்புக்காரரு. பைப்புக்குள்ள என்னா அடைச்சிருக்குன்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அடைத்திருப்பது என் பொய் என்பது அவளுக்குத் தெரியாது. நான் மகனை அழைத்து, அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. "சொன்னா நம்ம தோட்டமும் போகும், மாமா தோட்டமும் போகும். பதினெட்டு வீடும் நம்ம காம்பரா வாசல்ல வந்து நிக்கும். சரி, அதையும் விடுங்க. தண்ணி திரும்பி வருமாப்பா?"

நான் பஸ் காசை எண்ணிச் சட்டைப் பையில் வைத்தேன்.

மைத்துனர் செய்தி கேட்டு வந்தார். "சாமியே சம்மதிச்சிருச்சி. நீங்க என்ன மச்சான், சாமிக்கு மேலயா?"

"சாமி சம்மதிக்கல மச்சான். ஆடுதான் குளுர்ல நடுங்குச்சி. ஊத்துனவன் நான். எனக்குத் தெரியும்."

"இத்தன வருசம் தெரியலயா? இப்பத்தான் தெரியுதா?"

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பூசையையும் அவரே செய்துகொள்கிறார். கல்லுக்குத் தகரக் கூரை போட்டு, வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

நான் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். எங்கள் மலைச் சேற்றில் நின்று கும்பிட்ட அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய இடத்தில் இருந்த அம்மையார் என்னை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். வரைபடம் முடிந்துவிட்டது, மேலிடத்தில் ஒப்பமும் ஆகிவிட்டது என்றார். "ஐயா, உங்க ஒரு வார்த்தைய வச்சிக் கோடு போட்டாச்சி. இன்னொரு வார்த்தைய வச்சி அத அழிக்க ஏலாது," என்றார். அதில் நியாயம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் கோப்பில் வைப்பதாகச் சொன்னார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கடிதமும் போட்டேன். பதில் இல்லை.

என் மகன் பயிரை விட்டுவிட்டான். ஊற்றத் தண்ணீர் இல்லாத துண்டில் லீக்ஸ் தாளாய்க் காய்ந்தது. அவன் மறுபடியும் கொழும்புக்குப் போனான். போகும்போது என்னிடம் ஒன்று சொன்னான்: "எனக்காகத்தான் பொய் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்கப்பா." இதை எழுதுவதன் மூலம் அவன் கேட்டதையும் நான் மீறுகிறேன். ஆனால் பொய் அவனுடையது அல்ல. அவன் என்னிடம் சொல் என்று கேட்கவில்லை. டாங்கியைச் சுமந்துகொண்டு பேசாமல் நின்றான், அவ்வளவே.

கல் முன்பு நின்ற இடத்தை அறிந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே அந்த இடத்தை இங்கே குறிக்கிறேன். மேற்குப் பக்கத்துப் பழைய தேயிலை மலையில், பெரிய கான் தொடங்கும் இடத்தில், நடுவில் பிளந்த கரும்பாறை ஒன்று இருக்கிறது. எவராலும் அசைக்க முடியாத பாறை. அந்தப் பிளவில் முதுகைக் கொடுத்துச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நின்று, எழுபத்திரண்டு எட்டு நடக்க வேண்டும். என் எட்டு இப்போது சிறியது. நல்ல உடம்புள்ளவருக்கு அறுபது போதும். அங்கே தோண்டினால் கல் நின்ற குழியில் நாங்கள் நிரப்பிய சரளை கிடைக்கும். அதுவே காட்டின் உண்மையான எல்லை. அதற்குக் கிழக்கேயும் மேலேயும் இருப்பதெல்லாம் காடாக இருந்த நிலம்.

இந்தக் குறிப்பைத் தாங்கள் தூக்கி எறியாமல் எங்கேயாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.